அந்த மாதிரி

தேவகோட்டை, தியாகிகள் பூங்காவுக்குப் பின்சந்தில்
என் கடை. வைரவர் கேமிங் சென்டர்.
ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, மணிக்கு நாற்பது ரூபாய்.
முதலாளி, கணக்கு, பெருக்குமாறு எல்லாம் நானே.

போன செவ்வாய்க்கிழமை இரும்புக்கடை சாத்தப்பன் வந்தார்.
மகன் சேவுகன், ஏழாம் வகுப்பு,
மூன்றாம் நம்பர் சீட்டில் ஒரு துறைமுகத்தையே
காலி செய்துகொண்டிருந்தான்.
அப்பா நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.
கிரேன்காரன் விழுந்தான். காவலாளி விழுந்தான்.
மூட்டை தூக்குகிறவன் கையை உயர்த்தினான்,
அவனும் விழுந்தான்.
"குறி தப்பலயே" என்றவர்
பையிலிருந்து ஒரு சீப்புச்சீடை எடுத்து
பையன் வாயில் போட்டார்.

அப்புறம் கதைப்பகுதி.
கப்பல் தளத்தில் மழை. சண்டை முடிந்து வந்தவன்
காத்திருந்தவளின் நெற்றியில் ஒட்டிய முடியை
ஒற்றை விரலால் விலக்கினான்.
அவ்வளவுதான். முத்தம்கூட இன்னும் வரவில்லை.
சாத்தப்பன் மெயின் சுவிட்சையே அணைத்தார்.
ஆறு திரையும் இருட்டு.
பையன்கள் தரையைப் பார்த்தார்கள்.
ஆத்தங்குடிக் கல், பழைய பூ.
அந்தப் பூவை அவர்கள் பார்ப்பது
இப்படிப்பட்ட நேரத்தில் மட்டும்.

"அந்த மாதிரி கேமெல்லாம் வச்சிருக்கியா?"

எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை.
அதற்கு நம்மிடம் ஒரு சுட்டு போதும்.
அந்த மாதிரி. ஒரு மாதிரி. அது.
சுட்டுகிற விரலே வேறு பக்கம் பார்த்துக்கொள்ளும்.

கொலைக்கு மட்டும் குறை வைக்கவில்லை:
போட்டேன் தூக்கினேன் சாய்ச்சேன் முடிச்சேன்
செஞ்சுட்டேன் சட்னி காலி கதை க்ளோஸ்.
காலை பத்திலிருந்து என் கடையில்
வினைச்சொல் மழை.

அன்று இரவு ஒவ்வொரு கேமாக செட்டிங்ஸ் திறந்தேன்.
ரத்தம் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று
டீக்கடையில் சர்க்கரை கேட்பதுபோலக் கேட்டது.
'அதிகம்' என்றே இருந்தது. தொடவில்லை.
சிவப்புக்கு யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை.
அதை மட்டும் அணைத்தேன்.

இப்போது கதவு திறக்கிறது,
அவள் கை தெரிகிறது,
கறுப்பு.
அடுத்த கணம் அவன் துப்பாக்கியில்
குண்டு நிரப்பிக்கொண்டிருக்கிறான்.
"நடுவுல என்னண்ணே நடந்துச்சு?" என்றான் சேவுகன்.
"சார்ஜ் போட்டான்" என்றேன்.

சனிக்கிழமை பைக் ஷோரூம் செல்வேந்திரன் வந்தான்,
இருபத்து நாலு வயசு, கூட்டாளிகளோடு.
கண் திரையில், பேச்சு வேறெங்கோ.
"காரைக்குடியில ஒருத்திய முடிச்சுட்டேன் மச்சி."
"போட்டுட்டியா?"
"தூக்கிட்டேன்டா."
சிரிப்பு.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை
யார் செத்தது என்று.

சேவுகனைக் கூட்டிப்போக வந்த சாத்தப்பனும்
வாசலில்தான் நின்றார். காதில் விழுந்திருக்கும்.
மெயின் சுவிட்ச் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்.
"இன்னைக்கு எத்தனை பேருடா?" என்று மகனைக் கேட்டார்.

ஐந்தாம் நம்பரில் மெய்யம்மை,
பி.காம் மூன்றாம் வருடம்,
தூரத்திலிருந்து சுடுவதில் இந்த ஊரில் அவளுக்கு ஈடில்லை.
ஹெட்போன் கழுத்தில் கிடந்தது.
கை மவுஸில் இல்லை.
திரையில் யாரோ அவளைச் சுட்டுவிட்டார்கள்.
அரைமணிக்கு நூறு ரூபாய்த் தாளை வைத்தாள்,
மீதி வாங்காமல் போனாள்.
கூப்பிட்டு ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.
என் கடையிலிருந்த சொல்லெல்லாம்
செல்வேந்திரன் எடுத்துப் போயிருந்தான்.

சட்டரை இறக்கும்போது எதிர்வீட்டு முகப்பு.
சுதையில் இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்,
நடுவே ஒரு கடல்கன்னி.
போன வருடக் கல்யாணத்துக்கு
அவளுக்குப் பச்சை எனாமலில் ரவிக்கை போட்டார்கள்,
துப்பாக்கிகளுக்குக் கறுப்பு பாலிஷ்.
ஐப்பசி மழையில் இடத்தோள் பக்கம்
பெயின்ட் உரிந்துவிட்டதாம்.
வாட்ச்மேன் வந்து கேட்டார்,
தெரிந்த பெயின்டர் நம்பர் இருக்கா என்று.

இருந்தது.
கொடுத்தேன்.